நடையும் பேச்சும்

விஷயம் தெரிந்த ஒருவர் கையில் மடக்குக்கத்தியைக் கொடுத்தால் அவர் முதலில் கூர்மையைப் பார்க்க மாட்டார். மெதுவாக விரித்துப் பார்ப்பார். பிடிக்குள்ளிருந்து அலகு வெளியே வரும் பாதை முழுக்க ஒரே சீராக இருக்கிறதா, எங்காவது திக்குகிறதா, எங்காவது தொளதொளவென்று போகிறதா என்று கட்டைவிரலால் கேட்பார். முழுதாக விரிந்து நிற்கும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். ஆங்கிலக் கத்திக்காரர்கள் முதலாவதைக் கத்தியின் நடை என்றும் இரண்டாவதைப் பேச்சு என்றும் சொல்வார்கள். நடை இருந்து பேச்சு இல்லாத கத்திகள் உண்டு. பேச்சு மட்டும் பலமாக இருந்து நடை சரியில்லாதவையும் உண்டு. கடையில் கிடைக்கும் மலிவான கத்திகள் பெரும்பாலும் இரண்டாவது ரகம்.

நான் பெங்களூரில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். 5 வருடங்களாக வார இறுதிகளில் மடக்குக்கத்தி செய்து பழகுகிறேன். இதுவரை 11 கத்திகள் முடிந்திருக்கின்றன. இதை யாரிடமாவது சொன்னால் முதல் கேள்வி “எதுக்கு?”, அடுத்த கேள்வி “போலீஸ் பிடிக்காதா?”. இரண்டாவதற்குப் பதில் சொல்வது சுலபம். மத்திய ஆயுத விதிகள் உரிமம் கேட்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளுக்கு, அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவை சேராது. என் கத்திகள் 3 அங்குலத்தைத் தாண்டுவதில்லை. விமானத்தில் கைப்பையில் வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் எனக்கு நேரும் ஒரே தொந்தரவு.

பயத்துக்குக் காரணம் சினிமாதான். மடக்குக்கத்தி என்றாலே இந்தியில் ராம்புரி. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் செய்யப்பட்டு, பழைய இந்திப் படங்களின் வில்லன்கள் எல்லோர் கையிலும் புழங்கிய கத்தி. 2023இல் அந்த ஊர்க்காரர்கள் நாற்சந்தியில் 20 அடி நீளத்துக்கு ஒரு ராம்புரியையே சிலையாக வைத்துவிட்டார்கள். நம் பக்கம் அந்தக் கதையே வேறு. நமக்கு அது பேனாக்கத்தி. இறகுப் பேனாவைச் சீவின காலம் போய் நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது, சொல் மட்டும் பேனாவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் அது அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது.

அப்பா கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் 31 வருடம் பிட்டராக இருந்தவர். ரோலரில் பஞ்சு சுற்றிக்கொண்டால் அறுத்தெடுக்க, பெல்ட் நறுக்க, பார்சல் கயிறு வெட்ட, மத்தியானம் கொய்யாப்பழம் அரிய, எல்லாவற்றுக்கும் அதே கத்திதான். எனக்குப் பென்சில் சீவிக் கொடுத்ததும் அதுதான். ஷார்ப்னர் போட்ட பென்சிலின் முனை கூம்பாக இருக்கும். அப்பா சீவியது ஆறு பட்டையாக, நீளமாக இருக்கும். வகுப்பில் அதை வைத்தே யாருடைய பென்சில் என்று சொல்லிவிடுவார்கள்.

நான் செய்யப் பழகிய வகைக்கு ஸ்லிப்ஜாயிண்ட் என்று பெயர். பூட்டு கிடையாது. பிடியின் முதுகில் ஒரு எஃகுப் பட்டை வில் மாதிரி நிற்கும். நடுவில் ஓர் ஆணி, பின்முனையில் ஓர் ஆணி. முன்முனை மட்டும் எதோடும் பிணைக்கப்படாமல் அலகின் அடிக்கட்டை மேல் அழுத்திக்கொண்டிருக்கும். அடிக்கட்டையைக் கிட்டத்தட்ட சதுரமாக வெட்டியிருப்போம். அலகைத் திருப்பினால் சதுரத்தின் மூலை வில்லைத் தூக்கும், மூலை தாண்டியதும் வில் அடுத்த பட்டையில் விழும். அந்த விழுகைதான் பேச்சு. மூடிய நிலை, பாதி விரிந்த நிலை, முழுதும் விரிந்த நிலை மூன்றிலும் வில்லின் முதுகு பிடியின் முதுகோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். விரலால் தடவினால் படி தட்டக் கூடாது. டயல் கேஜ் வைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் வரும் ஓரிரண்டு பங்கைக்கூட விரல் நுனி கண்டுபிடித்துவிடும்.

மென்பொருள்காரர்கள் கைவேலை பழகினால் உடனே “இதில் அன்டூ கிடையாது” என்று பரவசப்படுவது வழக்கம். உண்மைதான். ரசம் வைப்பதிலும் அன்டூ கிடையாது. எனக்கு விசேஷமாகப் பட்டது இன்னொன்று. நிரலில் இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் எந்தப் பக்கமும் சேர்க்கலாம், எடுக்கலாம். இங்கே எடுக்க மட்டும்தான் முடியும். வில் உயர்ந்து நிற்கிறது என்றால் வில்லில் எடுப்பதா, அடிக்கட்டையில் எடுப்பதா, எடுத்தால் மற்ற இரண்டு நிலைகள் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுத்தான் அரத்தைத் தொட வேண்டும். மூன்று நிலையும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒரு சனிக்கிழமை முழுக்க யோசித்துவிட்டு நாலு தடவை அரம் போடுவது என்பதெல்லாம் சாதாரணம்.

அடுக்குமாடி வீட்டின் பால்கனிதான் பட்டறை. நாலு இஞ்ச் வைஸ், கையால் இயக்கும் ஹாக்ஸா, ஒரு சின்ன டிரில்லிங் மெஷின், அரங்கள், உப்புத்தாள். கிரைண்டர் வைத்தால் கீழ்வீட்டுக்காரர் அசோசியேஷனுக்கு எழுதிவிடுவார் என்பதால் எல்லாம் கையால். அதுவும் நல்லதாகத்தான் போயிற்று. எஃகுக்கு நான் போனது பீன்யா தொழிற்பேட்டைக்கு. கத்தி எஃகு என்று தனியாகக் கேட்டால் அங்கே விழிப்பார்கள். ஓஹெச்என்எஸ் என்று கேட்டால் எத்தனை கிலோ என்பார்கள். டை, பஞ்ச் செய்கிறவர்கள் வாங்கும் டூல் ஸ்டீல். ஆயில் ஹார்டனிங் நான் ஷ்ரிங்கிங் என்பதன் சுருக்கம் அது. நூற்றுக்கு 0.9 அளவில் கார்பன், கூடவே கொஞ்சம் மாங்கனீஸ், குரோமியம், டங்ஸ்டன். அமெரிக்காவில் கத்தி செய்கிறவர்கள் ஓ-ஒன் என்று ஆசையாகச் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். நம் ஊர் லேத் பட்டறை மூலைகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும்.

அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டது தொலைபேசியில். பொறியியல் முதல் வருடத்தில் ஒர்க்‌ஷாப் பாடம் உண்டு. ஃபிட்டிங், கார்பெண்டரி, வெல்டிங், ஷீட் மெட்டல். இரும்புத் தகடு ஒன்றைச் சதுரமாக ராவிக் காட்டச் சொல்வார்கள். அது மதிப்பெண்ணுக்கு. இது வேறு என்று அப்பா முதல் வாரமே சொல்லிவிட்டார். வீடியோ காலில் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டு நான் ராவுவேன். அவர் அங்கிருந்து பார்ப்பார். பார்ப்பதைவிடக் கேட்பார் என்று சொல்ல வேண்டும்.

“சத்தம் மாறுது பாரு கண்ணு. தள்றப்பத்தான் வெட்டும். இழுக்கறப்ப அழுத்துனா அரந்தான் சாகும்.”

“அழுத்தலீங்ப்பா.”

“அழுத்தறே. எனக்குக் கேக்குது. சாக்பீஸெ அரத்துல தேய்ச்சுக்க, தூள் ஒட்டாது.”

அவர் சொல்லிக் கொடுத்ததிலேயே பெரியது ப்ளூ மேட்ச். ஒரு பாகத்தில் நீலச் சாயத்தை மெல்லிசாகத் தடவி மற்றதோடு சேர்த்து வைத்து எடுத்தால், எங்கே தொடுகிறதோ அங்கே மட்டும் நீலம் ஒட்டும். ஒட்டிய இடத்தை மட்டும் எடுக்க வேண்டும். மறுபடி நீலம், மறுபடி அரம். மில்லில் பேரிங் பொருத்த அவர்கள் செய்தது. எங்கே தொடவில்லை என்று தேடக் கூடாது, எங்கே தொடுகிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்பார்.

நான்காவது கத்தி அவர் செய்தது என்றே சொல்லலாம். ஒரு தைப்பொங்கல் முடிந்து அம்மாவும் அவரும் பெங்களூர் வந்து 10 நாள் இருந்தார்கள். பழைய பனியன் துணியில் சுற்றி அவருடைய ஸ்மூத் அரத்தைக் கொண்டுவந்திருந்தார். பால்கனியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அடிக்கட்டையின் மூன்று பட்டைகளையும் இரண்டே மத்தியானத்தில் முடித்துவிட்டார். பிடிக்கு சோமனூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்த விசைத்தறி நாடாவை அறுத்துப் போட்டோம். வருஷக்கணக்கில் நூலோடு ஓடி ஓடி வழவழத்துப்போன மரம். அச்சாணியை ரிவிட் அடிக்கும்போது அலகுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பித்தளைத் தகட்டைச் சொருகி வைத்து அடித்துவிட்டு உருவிவிட வேண்டும். அந்த இடைவெளி இல்லையென்றால் கத்தி திரும்பாது. அப்பா சொருகலை உருவினார், விரித்தார், மூடினார், காதருகே வைத்து மறுபடி விரித்தார். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். நானும் கேட்கவில்லை.

நெருப்பு வேலை மட்டும் பால்கனியில் முடியாது. பீன்யாவில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் கடைக்காரர் தன் டை பாகங்களோடு என் அலகுகளையும் கம்பியில் கட்டி உலையில் தொங்கவிட ஒத்துக்கொண்டார். 800 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்திருந்து எண்ணெயில் இறக்குவார். உள்ளே கரைந்திருந்த கார்பன் வெளியேற நேரமில்லாமல் அப்படியே இரும்பின் படிகத்துக்குள் மாட்டிக்கொள்ளும். அடோல்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியர் பெயரால் மார்ட்டென்ஸைட் என்று அழைக்கப்படும் நிலை அது. அப்போது அரம் போட்டால் கண்ணாடியில் போட்டது போல் வழுக்கும். அப்படியே விட்டால் கீழே விழுந்தாலே உடையும். அதனால் அலகை 200 டிகிரியில் மறுபடி சூடேற்றிக் கொஞ்சம் விறைப்பைத் தணிக்க வேண்டும். வில்லுக்கு அது போதாது. அது வாழ்நாள் முழுக்க வளைந்து நிமிர வேண்டும் என்பதால் 400க்கு மேல் கொண்டுபோவோம். ஒரே தகட்டிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகள், ஒன்று விறைப்பாகவும் இன்னொன்று இணக்கமாகவும் ஆவது சூட்டு வித்தியாசத்தால் மட்டும்தான்.

நம் கொல்லர்கள் இதைத் தோய்ச்சல் என்பார்கள். அவர்களுக்கு வெப்பமானி நிறம்தான். பட்டறைகள் அரையிருட்டாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், வெயிலில் செந்நிறத்தின் வித்தியாசங்கள் தெரியாது. 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும் என்பதால் இப்போது பழகுகிறவர்கள் கம்பியில் கட்டிய காந்தத்தை வைத்தும் பார்த்துக்கொள்கிறார்கள். கடைக்காரருக்கும் எனக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. ஐரோப்பியர்கள் வூட்ஸ் என்று சொன்ன தென்னிந்திய எஃகின் பெயர் கன்னட ‘உக்கு’விலிருந்து வந்தது என்பார் அவர். ‘உருக்கு’ என்பேன் நான். நொய்யல் கரையில் கொடுமணலில் கிடைத்த உலைகளைச் சொல்வேன். அவர் விட மாட்டார். அந்த எஃகின் மேல் லண்டனில் ஒரு காலத்தில் பெரிய மோகம் இருந்தது. மைக்கேல் ஃபாரடே மின்சாரத்தில் பெயர் வாங்குவதற்கு முன்பே, 1819இல், வூட்ஸைப் பகுத்தாய்ந்து எழுதினார். பிறகு ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரரோடு சேர்ந்து அதைப் போலச் செய்ய எஃகுக் கலவைகளாக உருக்கிப் பார்த்தார். ஃபாரடே ஒரு கொல்லரின் மகன் என்பது பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாக வந்து போகிறது. இப்போது இணையத்தில் அலையலையான வரிகளோடு ‘டமாஸ்கஸ்’ என்று விற்பது இந்த எஃகு இல்லை. அது இரண்டு வகை எஃகை அடுக்கிப் பற்றவைத்து அமிலத்தில் முக்கிய கோலம். அழகுதான், அதை வைத்துப் பெருமைப்படுவதற்கு நமக்கு ஒன்றும் இல்லை.

பொதுவாகவே இந்தத் தொழிலில் பெருமை பேசுகிறவர்களைவிட ஷெஃபீல்டின் சின்னப் பட்டறைக்காரர்களைப் படிக்க எனக்குப் பிடிக்கும். 1624இல் கத்திக்காரர்களுக்கென்று சங்கம் கண்ட ஊர் அது. அங்கே தனி ஆளாகப் பட்டறை வைத்திருந்தவர்களுக்கு லிட்டில் மெஸ்டர் என்று பெயர். அந்த வரிசையில் ஸ்டான் ஷா என்பவர் 14 வயதில் தொழிலுக்கு வந்தவர், தொண்ணூறைத் தாண்டியும் கத்தி செய்துகொண்டிருந்தார். 2021இல் இறந்தார். அந்த வயதில் அந்தக் கைகள்! அப்பாவுக்கு அவருடைய படம் ஒன்றை அனுப்பினேன். “வைஸெ நல்ல உசரத்துல வெச்சிருக்கறாரு” என்று பதில் வந்தது.

போன வருடம் ஆடி மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்திருக்கிறது. அம்மா ஆட்டோ பிடித்துச் சீக்கிரமே கொண்டுபோய்விட்டாள். அதனால் பிழைத்தார் என்றார்கள். நான் போய்ச் சேரும்போது இரவு. அடுத்த 9 நாளும் தினமும் காலையில் டாக்டர் வந்து நடக்கச் சொல்வார், பேசச் சொல்வார். முதலில் பேச்சு வந்தது, கொஞ்சம் குழறலோடு. பிறகு ஊன்றுகோலோடு நடை. வலது கையைப் பற்றி நான் கேட்டபோது, கை எப்போதும் கடைசியில்தான் வரும், வருகிற அளவுக்கு வரும் என்றார். தோளும் முழங்கையும் வந்தன. விரல்கள் வரவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு காகிதத்தைக்கூடப் பிடிக்காது.

பயிற்சிக்குப் பஞ்சுப் பந்து கொடுத்தார்கள். 31 வருடம் எஃகைத் தொட்டவர் அதை ஒரு தடவை அமுக்கிவிட்டு, “இதுல என்ன மெட்டீரியல் இருக்குது?” என்று கட்டில் மேல் போட்டார்.

ஸ்லிப்ஜாயிண்டை விரிக்க இரண்டு கை வேண்டும். ஒரு கை பிடியைப் பிடிக்க, இன்னொரு கை அலகின் நகக்குறியில் நகத்தைக் கொடுத்து இழுக்க. நாலாம் நம்பர் கத்தி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அம்மாவிடம் நீட்டி விரித்துத் தரச் சொல்வார். வெட்டிவிட்டு, மூடித் தரச் சொல்லி மறுபடி நீட்டுவார். ஒருநாள் அம்மா மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தபோது பிடியை இடது கையில் பிடித்துக்கொண்டு அலகைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அன்றோடு கத்தி பீரோவுக்குள் போயிற்று.

அம்மா பயந்ததற்குக் காரணம் இருந்தது. ரத்தத்தை இளக்குவதற்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதற்கு முந்தின வாரம்தான் சவரத்தில் தாடையில் ஒரு சின்னக் கீறல் பட்டு அரைமணி நேரம் நிற்கவில்லை. துண்டு நனைந்துவிட்டது.

நான் என்ன செய்யலாம் என்று பார்த்தேன். வில்லை மெலிதாக்கினால் இழுப்பு குறையும், ஆனாலும் இரண்டு கை வேண்டும். தவிர, சுலபமாக விரியும் ஸ்லிப்ஜாயிண்ட் சுலபமாக விரல் மேல் மூடவும் செய்யும். பிரான்ஸின் ஒப்பினெல் கத்தி 1890இலிருந்து இருக்கிறது. 1955இல் அதற்கு ஒரு வளையப் பூட்டு வைத்தார்கள், அருமையான யோசனை. வளையத்தைத் திருப்ப இன்னொரு கை வேண்டும். ஒரு கையால் விரிக்கிற நவீனக் கத்திகள் வேறு கதை. 1981இல் ஸ்பைடர்கோ அலகில் வட்டத் துளை போட்டது, கட்டைவிரலை அதில் கொடுத்துத் தள்ளலாம். அவற்றில் பல வகைகளில் பூட்டை விடுவிக்கும் தகடு வலது கட்டைவிரலுக்கென்று அமைந்தது. அதோடு மூடும்போது விரல் அலகின் பாதையில் இருக்கும். இடது கையால் புதிதாக எல்லாம் பழகுகிற ஒருவருக்கு அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

மிச்சமிருந்தது வில்லும் பூட்டும் இல்லாத கத்தி. கத்தி செய்கிறவர்கள் இதை அரிச்சுவடியாக நினைப்பார்கள், ஓர் ஆணி போதும். ஜப்பானில் பள்ளிப் பையன்கள் பென்சில் சீவிய ஹிகோனோகாமி இந்த ரகம். நம் ஊர் நாவிதரின் சவரக்கத்தியும் இதேதான். அலகின் அடியில் ஒரு வால் நீண்டிருக்குமே, அதுதான் சூட்சுமம். நாம் ஓலையில் எழுதிய காலத்தில்கூட மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு முனையில் எழுத்தாணி, மற்றதில் ஓலை வாரும் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். உ.வே.சா. தன் சரித்திரத்தில் அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பேனாவுக்கு முன்பே நம்மிடம் பேனாக்கத்தி இருந்திருக்கிறது.

வாலை நீளமாக, 4 சென்டிமீட்டருக்கு வைத்தேன். மூடியிருக்கும்போது வால் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதை மேஜை விளிம்பிலோ தொடையிலோ வைத்து அழுத்தினால் அலகு வெளியே சுழன்று வரும். முழுதாக விரிந்ததும் வால் பிடியின் முதுகில் படுத்துக்கொள்ளும். உள்ளங்கை அதன் மேல் இருக்கும்வரை அலகு மூட முடியாது. பூட்டு என்பது கைதான். அவருடைய இடது கை பழைய வலது கையைவிடக் கொஞ்சம்தான் பலம் குறைவு. ஆணியின் இறுக்கம்தான் நுட்பம். தொங்கவிட்டால் தானாக விரியக் கூடாது, அழுத்தினால் தயங்கக் கூடாது. நகக்குறி போடவில்லை. முனையை ஊசியாக விடாமல் ஆட்டுக்குளம்பு மாதிரி மழுக்கினேன். விளிம்பை மட்டும் மழுக்கச் சம்மதிக்கவில்லை அவர். தொலைபேசியில் குழறலோடு, ஆனால் தீர்மானமாகச் சொன்னார். “மொன்னைக் கத்திதான் கண்ணு கையெ வெட்டும். நல்ல கத்திக்கு அழுத்த வேண்டியதில்லெ.”

கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முந்தின வாரம் அம்மாவிடம் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“அவருக்குக் கத்தி வேணும்னு நெனைக்கறது அவரா, நீயா சாமி?”

“அவருதாம்மா பல்லுல கடிச்சு இழுத்தாரு.”

“அவரு பீடிகூடத்தான் கேக்கறாரு. வாங்கித் தர்றியா?” கொஞ்ச நேரம் கழித்து, “ராத்திரியில ரத்தம் நிக்கலீன்னா தூக்கீட்டு ஓடறது நானு. நீ பெங்களூர்ல இருப்பே. போன்ல பஞ்செ வெச்சு அமுக்கச் சொல்லுவே” என்றாள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பொறியியலில் ஆபத்தைக் கணக்குப் போடச் சொல்லிக் கொடுப்பார்கள். நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம், இரண்டையும் பெருக்கு. சேதம் யார் மேல் விழும் என்ற கட்டம் அந்த அட்டவணையில் இல்லை. நான் செய்யும் பொருளின் ஆபத்தை அவள் சுமக்கிறாள். அப்பா பக்கமும் நியாயம் இருக்கிறது. கொய்யாவை அரிந்து தட்டில் வைத்துக் கொடுத்தால் சாப்பிட மாட்டேன் என்று எழுந்துபோகிறார். அம்மாவுக்கும் அது தெரியும். அவள் சண்டை போட்டது அவருக்கு எதிராக இல்லை.

பதினொன்றாவது கத்தியை அம்மாவிடம்தான் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாலை மேஜை விளிம்பில் அழுத்தி விரித்தாள். “பார்பர் கத்தியாட்டம் இருக்குது” என்றாள். பிறகு அவளே நிபந்தனைகள் சொன்னாள். ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கும். அவள் வீட்டில் இருக்கும்போது மட்டும். வெட்டும்போது பழத்தைக் கையில் பிடிக்கக் கூடாது.

மூன்றாவது நிபந்தனைக்கு வழி கண்டது அப்பா. ஒரு தேக்குப் பலகையில் அடியிலிருந்து இரண்டு எவர்சில்வர் ஆணிகளை மேல்நோக்கி அடிக்கச் சொன்னார். பழத்தை அதில் குத்தி நிறுத்திவிட்டால் பிடிக்க வேண்டியதில்லை. பிற்பாடு தெரிந்தது, ஒரு கை உள்ளவர்களுக்கென்று மருத்துவப் பொருள் கடைகளில் இதே மாதிரிப் பலகை விற்கிறார்கள். அவர் அதையெல்லாம் பார்த்ததில்லை. வேலைத்துண்டை வைஸில் பிடிக்காமல் தொடக் கூடாது என்பது அவருக்கு இருபது வயதிலிருந்து பழக்கம்.

முதல் கொய்யாவை அறுக்க 20 நிமிடம் ஆயிற்று. ஆறு பட்டையாகத்தான் அறுத்தார், ஒழுங்கில்லாமல். அம்மா சமையலறை வாசலில் கையில் பஞ்சு டப்பாவோடு நின்றிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்துவிட்டு, “ஆணிகிட்ட ஒரு நூலு ஆடுது. தட்டிக் குடு” என்றார். ஆடியதுதான். அங்கேயே திண்ணையில் கல்லில் வைத்து ரிவிட்டை இரண்டு தட்டு தட்டிக் கொடுத்தேன்.

இது நடந்து 5 மாதமாகிறது. தினமும் பதினொரு மணிக்கு அவர் ஃப்ரிட்ஜைப் பார்ப்பார், அம்மா எடுத்துக் கொடுப்பாள், முடிந்ததும் வாங்கிக் கழுவித் துடைத்து மேலே வைப்பாள். ஒரு தடவை இடது கட்டைவிரலில் கீறிக்கொண்டார். பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது என்று அம்மாதான் போனில் சொன்னாள். அதற்காகக் கத்தியை எடுத்து வைத்துவிட்டதாகச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அப்பா கூப்பிட்டார். அந்தக் கத்தி நன்றாக இருக்கிறது என்றார். வாலை இன்னும் அரை இஞ்ச் குறைத்தால் சட்டைப்பையில் துருத்தாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அதே மாதிரி இன்னொண்ணு செய்யி கண்ணு. அம்மாகிட்டச் சொல்லோணும்னு இல்லெ” என்றார்.

ஓஹெச்என்எஸ் தகட்டில் அளவு கீறி அலகை வெட்டி வைத்திருக்கிறேன். வாலையும் அவர் சொன்ன நீளத்துக்கே வைத்தாயிற்று. ஆணித் துளை இன்னும் போடவில்லை.